தசையைத் தளர்த்தும் ஊசி இருதயத்தை என்ன செய்யும்?

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை வார்டுக்கு வந்து படுக்கையருகே நிற்கும் மயக்க மருந்து நிபுணரை நம்மவர்கள் பலர் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கத்தி பிடிக்கப் போகும் டாக்டர் எப்போது வருவார் என்றுதான் கண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வந்தவரோ நோயைப் பற்றி அதிகம் பேசமாட்டார். வேறு எதை எதையோ கேட்பார். உடம்பில் எப்போதாவது பெரிய தீக்காயம் பட்டதுண்டா? கை கால் விளங்காமல் படுத்த படுக்கையாக இருந்ததுண்டா? டயாலிசிஸ் செய்கிறவரா, கடைசியாக எந்தக் கிழமை செய்தீர்கள்? குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்து ஏதாவது ஆனதுண்டா? பித்தப்பைக் கல்லை எடுக்க வந்தவருக்கு இவை எரிச்சலைத் தரலாம். "எல்லாம் ஓகே டாக்டர்" என்று சொல்லி, நீட்டிய பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையானாலும், கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையானாலும், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தனியார் மருத்துவமனையானாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றில் பல, மயக்கத்தின்போது போடப்படும் ஒரு வகை மருந்தை மனதில் வைத்தே கேட்கப்படுகின்றன. தசை தளர்த்தி மருந்து என்பது அதன் பெயர். தசைக்குப் போடும் மருந்துக்கும் இருதயத்திற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

கழுதையும் துருத்தியும்

பொது மயக்கம் என்று நாம் சொல்வது ஒரே ஊசி அன்று. தூங்க வைப்பதற்கு ஒன்று, வலி தெரியாமல் இருப்பதற்கு ஒன்று, தசைகளைத் தளர்த்துவதற்கு இன்னொன்று என்று பல மருந்துகளின் கூட்டு அது. தசை தளர்ந்தால்தான் தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் குழாயைச் செலுத்த முடியும். வயிற்றைத் திறந்து வேலை செய்யும்போதும் தசைகள் விறைத்துக்கொண்டிருந்தால் கத்தி வைக்க இடம் கிடைக்காது. ஆனால் தளரும் தசைகளில் மூச்சு விடுகிற தசைகளும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் ஊசி ஏறிய சில விநாடிகளிலிருந்து, மருந்தின் வேகம் தணியும் வரை, நோயாளிக்காக மூச்சு விடுவது மயக்க மருந்து நிபுணரும் அவருடைய இயந்திரமும்தான்.

இந்த மருந்துகளின் மூதாதை ஒரு விஷம். தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பு நுனியில் தடவிய குராரே. 1814இல் இங்கிலாந்தில் ஒரு பெண் கழுதைக்கு அந்த விஷத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். கழுதை அசைவற்று விழுந்தது, மூச்சும் நின்றது. உடனே மூச்சுக்குழாயில் துளை போட்டு, துருத்தியை வைத்து மணிக்கணக்கில் காற்றை ஊதினார்கள். விஷத்தின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நின்றது. விஷத்தின் பெயரையொட்டி அதற்கு ஊராலியா என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு சுமார் 25 ஆண்டுகள் அது சுகமாக வாழ்ந்தது.

அந்தக் கழுதை ஒரு பெரிய உண்மையைக் காட்டிக் கொடுத்தது. குராரே மூச்சைத்தான் நிறுத்துகிறது, இருதயத்தை அடித்துப் போடுவதில்லை. காற்று போய்க்கொண்டிருந்தால் இருதயமும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் துணிச்சலில்தான் 1942 ஜனவரி 23ஆம் தேதி கனடாவின் மொண்ட்ரியால் நகரில் ஹெரால்டு கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்ற இரண்டு மருத்துவர்கள், குடல்வால் அறுவை சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞருக்குக் குராரேயை மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மயக்க மருத்துவமே அன்று முதல் மாறிப்போனது.

ஆனாலும் பிறகு வந்த ஒரு கணக்கு எல்லாரையும் திடுக்கிட வைத்தது. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் 1948 முதல் 1952 வரை நடந்த ஏறக்குறைய 6 லட்சம் மயக்கங்களை பீச்சர், டாட் என்ற இருவர் ஆராய்ந்து 1954இல் வெளியிட்டார்கள். தசை தளர்த்தி பயன்படுத்தாதபோது மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் 2,100 பேரில் ஒன்று. பயன்படுத்தியபோது 370 பேரில் ஒன்று. மருந்திலேயே ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அன்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். மூச்சுக்குப் போதிய உதவி செய்யாததும், மருந்தின் வேகம் முழுதாகத் தணியும் முன்பே நோயாளியை விட்டுவிட்டதும் முக்கியமான காரணங்கள் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். மருந்தைக் குறை சொல்வது எப்போதும் சுலபம். அதே சமயம், இந்த மருந்துகள் இருதயத்தைத் தொடவே தொடாது என்பதும் உண்மையில்லை.

ஒரே சாவி, இரண்டு பூட்டு

நரம்பு தசைக்குக் கட்டளையிடுவது அசிட்டைல்கோலின் என்ற ஒரு ரசாயனத்தின் மூலம். நரம்பின் நுனியிலிருந்து அது கசிந்து, தசையில் உள்ள பூட்டில் சாவி போல நுழைந்தால் தசை சுருங்கும். தசை தளர்த்தி மருந்துகள் செய்வது அந்தப் பூட்டை அடைத்துக்கொள்வதுதான்.

சிக்கல் எங்கே என்றால், அதே சாவிக்கு இருதயத்திலும் ஒரு பூட்டு இருக்கிறது. ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921இல் இரண்டு தவளை இருதயங்களை வைத்து இதைக் கண்டுபிடித்தார். ஓர் இருதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அது மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இருதயத்தில் விட்டபோது, அதுவும் மெதுவாகத் துடித்தது. இப்படிச் செய்து பார்க்கும் யோசனை கனவில் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின். கை கால் தசையைச் சுருங்க வைப்பது, இருதயத்தில் போய் வேகத்தைக் குறைக்கிறது. இரண்டு பூட்டும் ஒரே மாதிரி இல்லை என்றாலும், தசையின் பூட்டுக்காகச் செய்த மருந்து சில நேரம் இருதயத்தின் பூட்டிலும் கை வைத்துவிடுகிறது.

சக்ஸமெத்தோனியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். 1951 முதல் புழக்கத்தில் உள்ளது. இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை ஒட்ட வைத்தது போன்ற உருவம். ஒரு நிமிடத்தில் வேலை செய்து, 10 நிமிடத்திற்குள் பெரும்பாலும் விலகிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்ட ஒருவர் விபத்தில் அடிபட்டு வந்தாலோ, அவசரமாகப் பிரசவ அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தாலோ இந்த வேகம் உயிரைக் காக்கும். ஆனால் அது இருதயத்தின் பூட்டையும் திறந்துவிடலாம். நாடித்துடிப்பு சட்டென்று இறங்கும். சிறு பிள்ளைகளுக்கு முதல் ஊசியிலேயே இப்படி ஆகலாம். பெரியவர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் இரண்டாம் ஊசி போடும்போது அதிகம் நேரும். ரத்தக் கொதிப்புக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவரின் நாடி ஏற்கெனவே மெதுவாகத்தான் ஓடும் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். அட்ரோபின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இதற்காகத்தான்.

பான்குரோனியம் இதற்கு நேர் எதிர். இருதயத்தின் வேகத்தைக் குறைக்கும் பூட்டை அது அடைத்துவிடும். நாடி வேகமெடுக்கும், ரத்த அழுத்தமும் ஏறும். இருதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு இது ஆபத்து. வேகமாகத் துடிக்கும் இருதயத்துக்கு ரத்தம் அதிகம் வேண்டும், அடைபட்ட குழாயோ அதைக் கொடுக்காது. வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் இருதய அறுவை சிகிச்சைகளிலேயே இந்த மருந்தை விரும்பிப் பயன்படுத்தினார்கள். அங்கே வலிக்காகக் கொடுக்கும் ஃபென்டனில் போன்ற மருந்து நாடியை இறக்கும், இது ஏற்றும். இரண்டும் சேர்ந்து நாடி சமமாக நிற்கும். பிறகு ரசாயன வல்லுநர்கள் பான்குரோனியத்திலிருந்து ஒரே ஒரு மெத்தில் குழுவை நீக்கி வெக்குரோனியத்தை உருவாக்கினார்கள். நாடியை ஏற்றும் குணம் அதில் ஏறக்குறைய மறைந்துபோனது. 1990களில் ரோக்குரோனியம் வந்தது. அதுவும் இருதயத்தை அதிகம் தொந்தரவு செய்வதில்லை.

மூன்றாவது ஒரு பாதை, ஹிஸ்டமின். பழைய குராரே வகைகள், அட்ராகுரியம், மிவாகுரியம் போன்றவற்றை வேகமாகச் செலுத்தினால் உடம்பில் ஹிஸ்டமின் கொட்டும். முகமும் மார்பும் சிவக்கும், ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சரியும். மெதுவாகச் செலுத்தினால் இது பெருமளவு குறையும். அட்ராகுரியத்திற்கு ஒரு நல்ல குணமும் உண்டு. கல்லீரலையோ சிறுநீரகத்தையோ அதிகம் நம்பாமல் ரத்தத்திலேயே தானாகச் சிதைந்துவிடும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது உதவும். அதன் தம்பியான சிஸ்அட்ராகுரியத்தில் ஹிஸ்டமின் தொல்லையும் மிகக் குறைவு.

பொட்டாசியம் என்ற பொறி

தீக்காயத்தையும் பக்கவாதத்தையும் பற்றி நிபுணர் ஏன் கேட்கிறார் என்ற விஷயத்துக்கு இப்போது வரலாம். சக்ஸமெத்தோனியம் தசையைத் தளர்த்துவதற்கு முன் ஒரு கணம் அதைத் துடிக்க வைக்கும். அப்போது தசைக்குள் இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம் ரத்தத்தில் இறங்கும். ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது வழக்கம். சாதாரண உடம்பில் அது சுமார் 0.5 கூடும். அதை இருதயம் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் தண்டுவடம் அடிபட்டு, தசைக்கு நரம்பின் கட்டளை வராமல் போனால் தசை என்ன செய்கிறது தெரியுமா? எங்கிருந்தாவது கட்டளை வராதா என்பது போல, ஓரிடத்தில் மட்டும் வைத்திருந்த பூட்டைத் தன் மேற்பரப்பு முழுவதும் முளைக்க விடுகிறது. பெரிய தீக்காயத்திலும், பக்கவாதத்திலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் அசையாமல் படுத்திருந்தாலும் இதுவே நடக்கும். அந்த நிலையில் சக்ஸமெத்தோனியம் ஏறினால் எல்லாப் பூட்டும் ஒரே நேரத்தில் திறந்து, பொட்டாசியம் வெள்ளம் போல ரத்தத்தில் பாயும். இருதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். தீக்காய நோயாளிகளிடமும், 1960களில் வியட்நாம் போரில் காயம்பட்ட சிப்பாய்களிடமும் மருத்துவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றார்கள்.

அடிபட்ட முதல் நாளில் இந்த ஆபத்து இல்லை. பூட்டுகள் முளைக்க ஓரிரு நாள் ஆகும். அதற்குப் பிறகு பல மாதங்கள் ஆபத்து நீடிக்கும். மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகெலும்பு முறிந்த பிள்ளைக்கு மூன்று மாதம் கழித்துப் படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்ய வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பெற்றோர், "புண்ணுக்குத்தானே வந்தோம்" என்று பழைய கதையைச் சொல்லாமல் விடுவதுண்டு. அந்தப் பழைய கதைதான் அங்கே முக்கியம்.

தசைச் சிதைவு நோயுள்ள ஆண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் கடுமை. நடக்கத் தாமதம், அடிக்கடி விழுவது என்பதைத் தவிர வெளியில் ஒன்றும் தெரியாத வயதிலேயே, இந்த ஊசி சிலரின் இருதயத்தை நிறுத்தியிருக்கிறது. அதனால்தான் 1990களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், அவசரத் தேவை இல்லாமல் பிள்ளைகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டவருக்கு இந்த மருந்தே கூடாது என்பதில்லை. அவருக்கும் அதே 0.5தான் கூடும். தொடங்கும் அளவு எவ்வளவு என்பதே கேள்வி. நம் குடும்பங்களில் இனிப்பு நீர் இல்லாத வீடு அபூர்வம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, அந்த நோய் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பெரும் பகுதியினர் இப்படி வந்தவர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனதில் ஒரு தடவை டயாலிசிஸ் விட்டுப்போயிருக்கலாம், தீபாவளிக்கு வாழைப்பழமும் இளநீரும் கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே போயிருக்கலாம். திட்டுவார்களோ என்று இதை மறைத்தால், ஏற்கெனவே உச்சியில் நிற்கும் பொட்டாசியத்தின் மேல் இன்னும் 0.5 ஏறிவிடும். திட்டு வாங்குவது பரவாயில்லை. நெடுநாள் இனிப்பு நீர் இருதயத்துக்குப் போகும் நரம்புகளையும் அரித்துவிடும் என்பதால், மயக்கத்தின்போது ரத்த அழுத்தம் சரிந்தால் அதைச் சமாளிக்கும் சக்தியும் இவர்களுக்குக் குறைவு.

குடும்பக் கதை கேட்பது எதற்கு?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1960 வாக்கில் 21 வயது மாணவர் ஒருவர் கால் முறிந்து மருத்துவமனைக்கு வந்தார். கால் போவதைவிட அவருக்கு மயக்க மருந்தைக் கண்டுதான் பயம். காரணம் கேட்டபோது, தம் சொந்தத்தில் 10 பேர் மயக்க மருந்து கொடுத்து இறந்துபோனார்கள் என்றார். டென்பரோ என்ற மருத்துவர் அதைப் பயந்த பிள்ளையின் பேச்சு என்று தள்ளிவிடாமல் காது கொடுத்துக் கேட்டார். வேறு மருந்து கொடுத்தும் அந்த மாணவருக்கு உடம்பு கொதித்தது, நாடி பறந்தது. பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். மலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்ற பரம்பரைக் கோளாறு உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். சில மயக்க வாயுக்களோடு சக்ஸமெத்தோனியமும் அதைத் தூண்டிவிடும். டான்ட்ரோலின் என்ற மருந்து இன்று அதற்கு இருக்கிறது.

நமக்கு நெருக்கமான கதை ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது. சக்ஸமெத்தோனியத்தை ரத்தத்தில் சிதைப்பது ஒரு நொதி. பிறவியிலேயே அது அறவே வேலை செய்யாதவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சத்தில் ஒருவர். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், கோவையில் வாழும் வைசிய சமூகத்தாரிடையே இது 24 பேரில் ஒருவர் என்று தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே பெண் எடுத்துக் கொடுத்ததன் விளைவு. இவர்கள் மற்றபடி முழு ஆரோக்கியமானவர்கள். வாழ்நாளில் அறுவை சிகிச்சையே இல்லை என்றால் இது தெரியவும் தெரியாது. இந்த ஊசி போட்டால் மட்டும், 10 நிமிடத்தில் எழ வேண்டியவர் மணிக்கணக்கில் அசைவற்றுக் கிடப்பார். அப்போது நடப்பது 1814இன் கழுதைக் கதையேதான். யாராவது மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் இருதயம் ஓடும், மருந்தும் மெல்ல விலகும். மருந்து தீர்ந்திருக்கும் என்று நினைத்து இயந்திரத்தைக் கழற்றிவிட்டால் ஆக்ஸிஜன் இறங்கும், பிறகு இருதயமும் நிற்கும்.

சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிலும் பல குடும்பங்களில் இருந்தது, இருக்கிறது. "எங்கள் சித்தப்பா ஆபரேஷன் முடிந்து கண் திறக்க அரை நாள் ஆனது" என்று வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதையை நிபுணரிடம் சொல்ல வேண்டும். அவர் சிரிக்கமாட்டார், எழுதிக்கொள்வார்.

இருமல் மருந்தும் குற்றவாளிதான்

ஒவ்வாமை வேறு கதை. பிரிட்டனில் 2018இல் வெளிவந்த ஒரு தேசிய ஆய்வின்படி, ஏறக்குறைய 10,000 மயக்கங்களில் ஒன்றில் கடுமையான ஒவ்வாமை வருகிறது. முதல் காரணம் ஆன்டிபயோடிக், இரண்டாவது தசை தளர்த்தி. அதிகம் காணப்பட்ட முதல் அறிகுறி ரத்த அழுத்தம் சரிவது. ஆராயப்பட்ட 266 பேரில் 10 பேர் இறந்துபோனார்கள். இதற்கு மருந்து அட்ரினலின், அதுவும் உடனடியாக.

முதன்முதலாக இந்த மருந்தைப் பெறுகிறவருக்கும் ஒவ்வாமை வருவது எப்படி என்பது நீண்ட நாள் புதிராக இருந்தது. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் போல்கோடின் என்ற இருமல் மருந்தைக் காட்டினார்கள். அந்த மருந்தின் உருவத்தில் ஒரு பகுதி தசை தளர்த்தியை ஒத்திருக்கிறது. இருமலுக்குக் குடித்தவரின் உடம்பு அதைப் பகையாக நினைவில் வைத்துக்கொள்கிறது. நார்வேயில் 2007இல் அந்த மருந்து விலக்கப்பட்டதும், ரத்தத்தில் இந்த ஒவ்வாமைக்கான அறிகுறிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2022 டிசம்பரில் போல்கோடினை விலக்கப் பரிந்துரைத்தது. 2023இல் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் விலக்கின. முந்தைய 12 மாதங்களில் அதைக் குடித்திருந்தால் நிபுணரிடம் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி வந்த பழைய புட்டி அலமாரியில் இருந்தால் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் மருந்தை மாற்ற இன்னொரு ஊசி உண்டு. பழைய நியோஸ்டிக்மின் தனியாகப் போனால் நாடியை இறக்கும் என்பதால், அட்ரோபின் போன்ற ஒன்றோடு சேர்த்தே போடுவார்கள். ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் அனுமதி பெற்ற சுகமாடெக்ஸ், ரோக்குரோனியத்தை அப்படியே கவ்விப் பிடித்துச் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்யும். அரிதாக அதுவும் நாடியை இறக்கலாம், ஒவ்வாமையும் தரலாம். பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: கருத்தடை மாத்திரையின் ஹார்மோனையும் அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த ஊசிக்குப் பிறகு 7 நாட்கள் வேறு தடுப்பு முறையையும் சேர்த்துக் கையாள வேண்டும். வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, அவசரத்தில் சொல்ல மறந்துவிடுவதும் உண்டு.

முதல் நாள் மாலைக்குத் திரும்பினால், செய்ய வேண்டியது அதிகமில்லை. சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் பையோடு எடுத்துச் செல்வது. நாட்டு மருந்து, சீன மருந்து, சம்சு எதையும் மறைக்காமல் இருப்பது. அம்மாவுக்கு மலாயோ ஆங்கிலமோ புரியாது என்றால் நிபுணர் வரும் நேரத்தைத் தாதியிடம் கேட்டு, பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் நிற்பது. ஒரு தடவை மயக்கத்தில் ஏதாவது கோளாறு நேர்ந்திருந்தால், எந்த மருந்தால் என்ன ஆனது என்று மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். விபத்தில் நினைவில்லாமல் வந்து சேர்ந்தால், டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான் இருக்கும்.